பேர் பெற்ற நாயும் பேரில்லா நாயும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்று என் ஊர். லூர்து அன்னையின் ஆலயத்தால் உங்களிற் பலருக்கு அறிமுகமான ஊர். பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பாலை மரமும் ஓர் ஊற்றும் கிடைக்கும். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த இலக்கியத்தில் பாலை என்றால் நீரற்ற நிலம். அந்த நிலத்து மக்கள் எயினர், வேட்டுவர். நமது பாலையோ பழம் தரும் மரம். அதனடியில் ஊற்றும் இருக்கிறது. ஆனாலும் வேட்டுவர் என்ற சொல் வரும்போது எனக்கு ஊரின் பெயர் பொருத்தமாகவே படுகிறது. ஏன் என்பதை உரையின் முடிவிற் சொல்கிறேன்.

இன்றைய பொருள் வேட்டைநாய். இலக்கியத் தொடரில் நாய்க்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பொருளை எனக்குத் தந்தவன் என் பேரன். சில மாதங்களுக்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பால் போல் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், ஒட்டிய வயிறு. "அப்பப்பா, இது ராஜபாளையம். தமிழ்நாட்டு வேட்டைநாய்ச் சாதி" என்றான். பிறகு வாசலிற் படுத்திருந்த எங்கள் செந்நிற நாயைப் பார்த்தான். "எங்கட நாய் என்ன சாதி? எங்கட நாய்களுக்குப் பேர் இல்லையோ?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதிலைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். நாய் என்ற ஒரு பிராணிக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், எகினம் என்று அகராதிகள் அடுக்கிக்கொண்டு போகின்றன. இவற்றுள் எகினம் என்ற சொல் அன்னப் பறவைக்கும் உரியது. பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை என்று நாம் போற்றும் அன்னமும், வாசலிற் கிடக்கும் நாயும் ஒரே சொல்லிற் குடியிருக்கின்றன. பின்னாளில் நாயை இழிவின் உவமையாக்கியவர்கள் இதைக் கவனித்திருந்தால் நல்லது.

இழிவின் உவமை மட்டுந்தானா? இல்லை. மாணிக்கவாசகர் இறைவன் முன் தம்மை நாயேன் என்று தாழ்த்திக்கொண்டார். ஆனால் நாலடியார் வேறொன்று சொல்கிறது. யானையைப் போன்றவரின் நட்பை விட்டு, நாயைப் போன்றவரின் நட்பைக் கொள்ளுங்கள் என்கிறது. யானை பலகாலம் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ தன் தலைவன் எறிந்த வேல் தன் உடம்பிலேயே தைத்திருக்கும்போதும் அவனுக்கு வாலாட்டும். இந்த உவமை வேட்டைக் களத்திலிருந்து பிறந்தது என்றே எனக்குப் படுகிறது. பன்றிக்கு வீசிய வேல் குறி தவறி நாயின் மேல் பாய்வதைக் கண்ட ஒருவனுக்குத்தான் இப்படியோர் உவமை தோன்றும்.

வேட்டைநாயைத் தொழிலோடு காட்டும் பழைய சித்திரம் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. எயினர் முயல் வேட்டைக்குப் போகிறார்கள். வேலியில் வலையை மாட்டுகிறார்கள். வாய் அகன்ற நாய்களோடு பசும் புதர்களை அடித்து, நீண்ட காதுகளையுடைய சிறு முயல்கள் தப்பிப்போக வழியில்லாமல் வளைத்துப் பிடிக்கிறார்கள். வலை, வேலி, புதர், நாய், மனிதன் என ஒரு வேட்டையின் முழு நுட்பமும் சில அடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கண்ணப்பரின் வேட்டையைப் பாடும்போதும் வேடர் கூட்டத்தோடு நாய்கள் போகின்றன. காளத்திநாதருக்குக் கண்ணைக் கொடுத்த கதைக்கு முன்னால் ஒரு காட்டு வேட்டை இருக்கிறது. அந்த வேட்டைக்கு முன்னால் நாய்கள் ஓடுகின்றன.

இந்தச் சொற்களும் பாட்டுகளும் நமக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அந்த நாய்கள் எப்படி இருந்தன? இங்கேதான் தமிழ்நாட்டின் நாயினங்கள் நமக்கு உதவுகின்றன.

தமிழ்நாட்டில் இன்று பெயர் பெற்றவை நான்கு: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. இவற்றிற் கன்னியைத் தவிர மற்றவையெல்லாம் ஊர்ப் பெயர்கள். ராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள நகரம். சிப்பிப்பாறை அதே மாவட்டத்தின் கரிசல் மண்ணிலுள்ள சிற்றூர். கோம்பை தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. கன்னி நாய் பெரும்பாலும் கருநிறம். திருமணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

இந்த நாய்களின் உடம்பைப் பாருங்கள். ஊரின் நிலம் தெரியும். கரிசற்காடு கி. ராஜநாராயணனின் கதைகளால் நமக்கு அறிமுகமான நிலம். மரம் குறைவு, கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. அங்கே முயல் எழுந்து ஓடினால் அது கண்ணுக்குத் தெரியும். ஆகவே அங்கே உருவான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய இடை, நீண்ட கால்கள். மார்பு ஆழ்ந்திருப்பது பெரிய நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் இடம் தர. முதுகு வில் போல் வளைந்து நிமிர்வதால், பாய்ந்தோடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை நான்கு கால்களும் நிலத்தை விட்டு மேலே நிற்கும். ஆங்கிலேயரின் கிரேஹவுண்டும் அராபியரின் சலூக்கியும் இதே அமைப்பில் ஓடுபவை.

ராஜபாளையம் அதே குடும்பத்துச் சாயலுடையது. ஆனால் எலும்பு பருத்தது. தோளளவில் 65 முதல் 75 சென்ரிமீற்றர் வரை உயரமுடையது. மலையடிக் காட்டில் முயலைவிடப் பன்றி முக்கியம். பன்றியை ஓடிப் பிடித்தால் மட்டும் போதாது. அதன் முன்னே நிற்க உடம்பு வேண்டும். கோம்பையோ செம்பழுப்பு உடலும் கறுத்த வாயும் கொண்டது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுத்தார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்தப் பட்டியல் போகும். பாலைக்குரிய விலங்காக உரைகாரர்கள் செந்நாயைச் சொல்வதுண்டு. செந்நாய் நமது வீட்டு நாயின் மூதாதை அல்ல. வீட்டு நாய் ஓநாயிலிருந்து வந்தது. மனிதனோடு அது வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் கருப்பொருள் என்ற கருத்து எனக்குப் பெரிதும் உதவுகிறது. ஒரு நாயினம் என்பது ஒரு நிலத்தின் கருப்பொருள். நிலமும் தொழிலும் சேர்ந்து அதைச் செய்கின்றன. முயலைத் தவறவிட்ட நாயின் குட்டியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பன்றிக்கு முன்னே நின்ற நாயின் குட்டிக்கு அயலூரிலிருந்தும் ஆள் வரும். இப்படித் தலைமுறை தலைமுறையாக மேய்ப்பரும் உழவரும் வேட்டைக்காரரும் தெரிந்தெடுத்ததன் விளைவுதான் அந்த உடம்பு.

ஆனால் நாம் கேட்கும் கதைகளில் மேய்ப்பர் வருவதில்லை, அரசர்களே வருகிறார்கள். ராஜபாளையத்து நாய் விசயநகரத் தொடர்போடு தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பாளையக்காரர் ஆங்கிலேயரோடு பொருதிய காலத்தில், அதாவது கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799ஆம் ஆண்டையொட்டிய போர்களில், இந்த நாய்கள் குதிரைப் படையின் மேல் ஏவப்பட்டன என்பது வாய்மொழி வழக்கு. பாளையக்காரர் நாய் என்ற பெயரும் அதற்கு உண்டு. இந்த வழக்குகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அரண்மனையில் நாயை வைத்திருந்தவர் வேறு, காட்டில் நாயை உருவாக்கியவர் வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வேட்டைநாயின் பெயர் கல்லிலே ஏறிய வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த உரை நிறைவு பெறாது.

949ஆம் ஆண்டு. தக்கோலப் போர். பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேலிருந்தபடியே வீழ்ந்த போர் அது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கத்தில் கங்க மன்னன் பூதுகன் நின்றான். பூதுகனின் வீரர்களில் மணலேரன் என்றொருவன். அவன் காட்டிய தீரத்தைக் கண்டு மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றபோது அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. "காளி" என்ற வேட்டைநாயைத் தரும்படி கேட்டான். நாய் கிடைத்தது. பின்னொரு நாள் ஒரு குன்றில் பெரிய காட்டுப்பன்றியின் மேல் காளியை ஏவினார்கள். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று இரண்டும் மாண்டன. கன்னட நாட்டில் ஆதகூர் என்ற ஊரில், சிவன் கோயில் முன்னிலையில், காளிக்கு ஒரு கல் நட்டார்கள். அதற்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் பொருதுகின்ற சிற்பத்தோடு அந்தக் கல் பெங்களூர் அரும்பொருட்சாலையில் இருக்கிறது.

நேயர்களே, நமது வரலாற்றுப் புத்தகங்களில் தக்கோலப் போரைச் சோழரின் பெருந்தோல்வியாகப் படித்திருக்கிறோம். அந்தப் போரைப் பற்றிய முக்கியமான சான்றுகளில் ஒன்று ஒரு நாயின் நடுகல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கும் முந்திய ஒரு கல் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். வீரனின் உருவத்தோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். எருமை மேய்த்தவர்களின் நாய் அது. அதன் இனத்தின் பெயரை யாரும் எழுதவில்லை. எழுதியது அதன் சொந்தப் பெயரை.

இங்கே சற்று நின்று யோசிக்கலாம். இனம் என்று நாம் இன்று சொல்கிறோமே, தாய் தந்தை வழி எழுதி, நிறம் குறித்து, உயரம் அளந்து, அந்த எண்ணம் மிகவும் இளையது. இலண்டனில் கென்னல் கிளப் என்ற சங்கம் 1873இல் தொடங்கிற்று. அதன் பிறகுதான் உலகெங்கும் நாய்களுக்குப் பதிவுப் புத்தகம் வந்தது. அதற்கு முன் நல்ல நாய் என்றால் நன்றாக வேலை செய்யும் நாய்; அவ்வளவுதான். நாமும் புதிய எண்ணத்தை எடுத்துக்கொண்டோம். பேச்சு வழக்கில் "சாதி நாய்" என்றும் "ஊர் நாய்" என்றும் பிரித்தோம். ஆங்கிலேயரோ இந்த நாடுகளின் ஊர் நாய்க்கு ஒடுக்கப்பட்ட ஒரு சாதியின் பெயரையே வைத்துவிட்டார்கள். மனிதருக்கு மனிதர் செய்த அநியாயம் நாயின் பெயரிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

நமது இலங்கைக்கு வருவோம். இங்கே வேட்டைநாய் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேயர், சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிப் போய்ப் புகழ் பெற்றவர். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி, நாய்க் கூட்டத்தோடு மரை வேட்டையாடினார். அந்த அனுபவத்தை 1854இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் தூய நரிவேட்டை நாய்கள் இந்த மலைக்காட்டுக்கு ஒத்துவரவில்லை. கலப்பு நாய்களே தாக்குப்பிடித்தன என்பது அவரது அனுபவம். தமது நாய்களான ஸ்மட், கில்பக் முதலியவற்றை அவர் பெயர் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவற்றின் மரணத்தையும் எழுதுகிறார். ஒரு வேட்டைக்காரனின் பாசம் அதில் தெரிகிறது. ஆனால் அதே காலத்தில், அதே தீவின் கிழக்குக் காடுகளில், தலைமுறை தலைமுறையாக வேடரோடு போன நாய்களுக்கு அப்படிப் பக்கங்கள் எழுத யாரும் இருக்கவில்லை.

திருகோணமலையின் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பக்கத்திலும் வெருகலிலும் வாகரையிலும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். 1911இல் வேடரைப் பற்றிப் பெருநூல் எழுதிய செலிக்மன் தம்பதியரும் இவர்களைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். தமிழ் பேசுகிறார்கள்; மீன் பிடிக்கிறார்கள், தேனெடுக்கிறார்கள். முன்பு வேட்டையாடினார்கள். உடும்பு புற்றுக்குள் புகுந்ததா, மரத்திலேறியதா என்று மோப்பம் பிடித்துச் சொல்வது நாயின் வேலை. கரிசற்காட்டு நாயைப் போல் கண்ணால் வேட்டையாடுவது இந்தப் புதர்க்காட்டில் நடவாது. இங்கே மூக்கும் காதும் வேண்டும். முள்ளுக்குள் நுழையச் சிறிய உடம்பு வேண்டும். இந்த நிலமும் தன் நாயைச் செய்திருக்கிறது.

அப்படியொரு நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது 1980இல். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் எங்கள் வீட்டுக்கு வந்து போவார். ஒரு நாள் மூதூர் லாஞ்சியில் வந்திறங்கியவரின் தோளில் ஒரு பனையோலை உமல். உள்ளே ஒரு குட்டி. செந்நிறம், குட்டைக் கால், பெரிய தலை. படித்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணுக்கு அழகாகப் படவில்லை. "இதென்ன சாதி?" என்று நானும் அன்று கேட்டேன், என் பேரன் இன்று கேட்பது போலவே. முதியவர் அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "தம்பி, இது ஓடுற சாதியில்லை. நிக்கிற சாதி."

அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று. அப்பாவுக்குக் கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு அப்பால் ஒரு துண்டுச் சேனை இருந்தது. சோளமும் மரவள்ளியும் போடுவார். பன்றி வந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். வீமன் - அதுதான் நாய்க்கு அப்பா வைத்த பெயர் - பன்றியைத் துரத்துவதில்லை. சுற்றி வந்து அதன் முன்னே நின்று குரைக்கும். பன்றி திரும்பினால் அதுவும் திரும்பும். ஆட்கள் வந்து சேரும்வரை அதே இடத்தில் நிற்கும். ஒரு முறை பன்றியின் கொம்பு அதன் விலாவைக் கிழித்தது. அப்பா சாக்கு ஊசியால் தைத்து மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டார். தைக்கும்போது நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் உடம்பு நடுங்கிற்று. வால் மட்டும் மெல்ல மெல்ல நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நாலடியாரைப் பாடப் புத்தகத்திற் படித்திருந்தேன். விளங்கியது அன்றுதான்.

வேட்டையைப் புகழ நான் வரவில்லை. இந்த நாட்டில் வனசீவராசிகளைக் காக்க 1937இலேயே சட்டம் வந்தது. இந்தியாவில் 1972இல் வந்தது. இரண்டும் வேண்டிய சட்டங்கள். காடு சுருங்கிவிட்ட காலத்தில் மனிதன் தன் கையை அடக்கத்தான் வேண்டும். ஆனால் வேலை போன பிறகு வேலைக்காகப் பிறந்த நாய்க்கு என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். வேட்டை நின்றபின் வாங்குபவர் கேட்டது ஓட்டத்தை அல்ல, நிறத்தை. அப்பழுக்கற்ற வெள்ளை வேண்டும். மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளைக்கு வெள்ளையைச் சேர்த்தார்கள். நிறத்தைத் தரும் உயிரணுக்கள் தோலில் மட்டுமல்ல, உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால் கேட்கும் நுண்ணுறுப்புகள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். ஆகவே அழகான வெள்ளைக் குட்டிகளிற் சில செவிடாகப் பிறந்தன. காட்டிலே எஜமானின் குரலைக் கேட்டுத் திரும்ப வேண்டிய நாய் கூப்பிட்டாலும் திரும்பாத நாயாயிற்று. எந்த வேட்டைக்காரனும் அப்படியொரு குட்டியைத் தெரிந்தெடுத்திருக்கமாட்டான்.

பின்னர் அக்கறையும் வந்தது. தமிழ்நாட்டு அரசு சென்னை சைதாப்பேட்டையில் இந்த இனங்களைப் பேண ஒரு நிலையம் நடத்தியது. 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்கு முத்திரை வெளியிட்டது. அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி 2017இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 2020 ஆகஸ்டில் இந்தியப் பிரதமரே வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். பெயருக்கு இருக்கும் வலிமை அது. பெயர் இருந்ததால் தேடினார்கள், தேடியதால் எஞ்சியது. பெயரில்லாததை யார் தேடுவார்?

வீமனுக்கும் வேலை போயிற்று. 1985க்குப் பின் எங்கள் பகுதியில் யாரும் காட்டுக்குப் போகக்கூடிய நிலை இருக்கவில்லை. சேனை காடாயிற்று. வீமன் படலையடியிற் படுத்தது. அப்பா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பழைய மணிலாக் கயிற்றில் அதைக் கட்டி வைத்தார், இரவில் வெளியே போய்ச் சூடுபட்டுவிடும் என்ற பயத்தில். காட்டிலே கட்டாமல் வளர்ந்த நாய்க்கு ஊரிலே கயிறு.

1990 ஆனி மாதம் சண்டை மீண்டும் மூண்டது. ஒரு பின்னேரம் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். வீமனுக்கு அப்போது பத்து வயது, பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. அம்மா "நாய்?" என்று மட்டும் கேட்டா. அப்பா போய்க் கயிற்றை அவிழ்த்தார். "அவன் காட்டு ஆள். பாத்துக்கொள்ளுவான்" என்றார். நாங்கள் ஒழுங்கை முடியுமட்டும் போய்த் திரும்பிப் பார்த்தோம். வீமன் பின்னால் வரவில்லை. படலைக்கு முன்னே நின்றது. குரைக்கவுமில்லை. நிக்கிற சாதி.

முகாமுக்குப் போய்ப் பையை அவிழ்த்தபோது அதற்குள் அந்தக் கயிறு இருந்தது. அப்பா எப்போது வைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்று வருடம் அதை இரண்டு கம்பங்களுக்கிடையில் கட்டி உடுப்புக் காயப் போட்டோம். 1993இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. படலை இருந்த இடமும் தெரியவில்லை. அப்பா வளவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அயலில் யாரிடமும் நாயைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருக்கும்வரை வீட்டில் நாய் வளர்க்கவுமில்லை.

நேயர்களே, அந்த ஆண்டுகளில் மனிதர்களையே எண்ணி முடிக்கவில்லை. நாயைப் பற்றிப் பேசுவதா என்று யாரேனும் நினைத்தால் அதில் நியாயமுண்டு. நான் ஒன்றை மட்டும் சொல்வேன். ஆதகூரிலே காளிக்குக் கல் நட்டவர்களும் பெரும் போரொன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். எடத்தனூரில் கோவிவனின் பெயரை வெட்டியவர்களும் தங்கள் ஆளை இழந்து நின்றவர்கள்தான். இழப்பின் நடுவே அவர்கள் நாயை மறக்கவில்லை. அதனால் அவர்களுடைய மனிதர்களும் நமக்கு மறக்கவில்லை. மணலேரனின் பெயர் ஆயிரம் ஆண்டு கழிந்தும் நம் வாயில் வருவதற்கு அவன் கேட்டு வாங்கிய நாயே காரணம்.

என் பேரனின் கேள்விக்கு வருகிறேன். சில நாட்கள் கழித்து, அலுமாரியின் மேலிருந்த அந்தக் கயிற்றை எடுத்து அவனுக்குக் காட்டினேன். கதையைச் சொன்னேன். மூதூரிலிருந்து உமலில் வந்த கதை, சேனைக் கதை, சாக்கு ஊசிக் கதை, படலைக் கதை எல்லாம் சொன்னேன். எங்கள் வாசலிற் படுத்திருக்கும் செந்நிற நாய்க்கும் அதே குட்டைக் காலும் பெரிய தலையும் இருப்பதை அவனே கண்டுபிடித்தான். வீமனின் வழியில் வந்ததா என்று கேட்டான். இந்தக் காட்டின் வழியில் வந்தது என்றேன்.

ஊரின் பெயர் எனக்குப் பொருத்தமாகப் படுவது ஏன் என்று பின்னர் சொல்வதாகக் கூறியிருந்தேன். பாலை என்றால் பிரிவின் திணை. வேட்டுவரும் நாயும் அந்த நிலத்து ஆட்கள். பிரிவும் வேட்டைநாயும் எங்கள் படலையடியில் ஒன்றாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பேரன் கயிற்றைத் திருப்பித் தரும்போது சொன்னான்: "ஊர் பாலையூற்று, சாதி நிக்கிற சாதி, பேர் வீமன். அப்ப பேர் இருக்குத்தானே அப்பப்பா."

இருக்கிறது. உங்கள் வளவுகளிலும் இப்படிப் பெயர்கள் இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.